சிறு குடும்பத்துக்கு ஸ்மோக்கரா, கிரில்லா? மாட்டிறைச்சி சமைக்காத வீட்டுக்கு எது பொருந்தும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் ராக்கில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளுள் ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நானும் என் கணவரும் ஏழு வயது மகளும் ஆக மூன்றே பேர். வீட்டின் பின்புறம் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு சிமெண்டுத் தளமும், அதற்கு அப்பால் சிறிது புல்தரையும், சுற்றிலும் மரவேலியும் உள்ளன. தளத்தின் பாதிக்கு மேல் மாடி முகப்பு நீண்டு கூரையாக நிற்கிறது.

இந்தப் பக்கம் குடிவந்த பிறகு, புகையில் மெதுவாக வேகும் இறைச்சியின் சுவை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊரிலிருந்து யார் வந்தாலும் புகைக்கறிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற லாக்ஹார்ட்டுக்கோ டெய்லருக்கோ அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால், அங்கே வான்கோழி நெஞ்சுக்கறியும் பன்றி விலா எலும்பும் வாங்கிக்கொள்வோம். இவற்றை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று கணவர் விரும்புகிறார். எனக்கோ, வேலை முடிந்து வந்த மாலையில் மசாலா தடவிய கோழித்தொடையையும் மீனையும் தணலில் வாட்டி எடுக்க முடிந்தால் போதும். புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கர், தணலில் வாட்டும் கிரில் ஆகிய இரண்டின் வேலைக்கும் ஒரே கருவி உதவுமா என்பதுதான் என் முதல் கேள்வி.

கடைக்காரர், மரத்தூள் உருளைகளை மின்சார உதவியோடு எரிக்கும் பெல்லட் கிரில்லைத்தான் வாங்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர், வாங்குவதைப் பெரிதாக வாங்கிவிடுங்கள், பிற்பாடு வருந்த மாட்டீர்கள் என்கிறார். முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு காலத்துக்கும் உழைக்கும் என்று வேறொருவர் கூறுகிறார். எங்களால் 500 டாலர் வரை செலவிட முடியும். மூன்று பேருக்கு எந்த அளவு போதும், வார நாள்களில் கரி மூட்டுவது நடைமுறைக்கு ஒத்துவருமா, வாடகை வீட்டில் மரவேலிக்கு அருகே இதை வைத்துக்கொள்ளலாமா என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தணல் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியிலேயே விடைக்கு வழிகாட்டும் செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் மாட்டிறைச்சி சமைக்கப் போவதில்லை. டெக்சஸ் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் ஸ்மோக்கர்களில் பெரும்பாலானவை ப்ரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. முழு ப்ரிஸ்கெட் ஒன்று பன்னிரண்டு முதல் பதினாறு பவுண்டு எடை இருக்கும். அதை வேகவைக்கப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தீ ஒரே சீராக எரிய வேண்டும். இரவு முழுவதும் தானே எரியும் கருவி, நீண்ட கம்பித்தட்டு, தடித்த இரும்புச் சுவர் ஆகியவற்றுக்கெல்லாம் காரணம் அந்த ஒரு துண்டு இறைச்சிதான். உங்கள் வீட்டில் மிக அதிக நேரம் பிடிக்கப் போவது பன்றி விலா எலும்போ ஆட்டுக்கறியோ ஆகும். அவை ஐந்தாறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கோழிக்கு ஒன்றரை மணி நேரமே அதிகம். ஆகவே இரவெல்லாம் எரியும் கருவிக்குப் பணம் கொடுப்பது உங்களுக்குத் தேவையற்றது.

என் பரிந்துரை, உருண்டையான கிண்ணமும் மூடியும் கொண்ட, 22 அங்குல விட்டமுள்ள சாதாரணக் கெட்டில் கிரில். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், மிதவைகளுக்காகச் செய்த உலோகக் கோளங்களைக் கொண்டு 1952-இல் உருவாக்கிய வடிவம் அது. இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை: அடியில் ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒரு காற்றுத் துளை, நடுவே கரித்தட்டும் கம்பித்தட்டும். விலை 200 டாலருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். மிச்சமாகும் தொகையில் இரண்டு ஊசிகளுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும், கரி மூட்டும் சிம்னி எனப்படும் உலோக உருளை ஒன்றும், மழைக்கு உறை ஒன்றும் தாராளமாக வாங்கலாம்.

மூன்று பேருக்கு 18 அங்குலம் போதாதா என்று கேட்பீர்கள். உணவின் அளவை மட்டும் பார்த்தால் போதும்தான். ஆனால் கிரில்லின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது தட்டில் அமர்வோரின் எண்ணிக்கையன்று. தீயும் இறைச்சியும் ஒன்றையொன்று விட்டு விலகி இருக்க வேண்டிய தொலைவு. கரியை ஒரு பாதியில் குவித்து, இறைச்சியை மறுபாதியில் வைத்து மூடினால்தான் அது கருகாமல் வேகும். 18 அங்குலத்தில் அப்படிப் பிரித்தால், விலா எலும்பின் ஒரு முனை கரிக்கு மேலேயே கிடக்கும். 22 அங்குலத்தின் கம்பித்தட்டு 363 சதுர அங்குலம்; 18 அங்குலத்தில் அது 240 மட்டுமே. மேசைமேல் வைக்கும் 14 அங்குலச் சிறு கெட்டிலில் வாட்டலாமே தவிர, பக்கவாட்டு வெப்பத்தில் பொறுமையாக வேகவைப்பது கடினம்.

பெரிய கெட்டில் நிறையக் கரியைத் தின்னும் என்று அஞ்ச வேண்டாம். மூன்று பேருக்கான கோழித்தொடைக்குச் சிம்னியில் பாதிக் கரி போதும். சமைத்து முடித்ததும் மேல் துளையையும் கீழ்த் துளையையும் முழுமையாக அடைத்துவிட்டால், காற்றின்றிக் கரி அணைந்துவிடும். மறுமுறை சாம்பலைத் தட்டிவிட்டு, மிஞ்சியதை அப்படியே புதுக்கரியோடு சேர்த்துக்கொள்ளலாம். சிறு குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கனமான தீ கிடையாது என்றே சொல்வேன். மூடி சரியாகப் பொருந்தாத மலிவுக் கருவிகளில் இது நடவாது. ஆகவே எந்த நிறுவனத்துடையதை வாங்கினாலும், மூடியை வைத்துச் சுற்றிலும் இடைவெளி தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இனி, கெட்டிலை ஸ்மோக்கராக்கும் முறை. கரித்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் துண்டுகளைக் கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி, கீழே இரண்டு, மேலே இரண்டு என்று அடுக்கி, அரைவட்டத்துக்கு ஒரு சங்கிலி அமையுங்கள். அதன் மேல் இடைவெளி விட்டு நான்கைந்து விறகுத் துண்டுகளை வையுங்கள். சிம்னியில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் பற்றவைத்துச் சங்கிலியின் ஒரு முனையில் கொட்டினால், தீ அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து மறுமுனைக்குச் செல்லும். நடுவில் ஒரு அலுமினியத் தட்டில் நீர் வையுங்கள். மேல் துளை திறந்தே இருக்கட்டும். கீழ்த் துளையைக் கால்வாசி திறந்துவைத்து வெப்பத்தைச் சரிசெய்யுங்கள். 225 முதல் 275 பாகை பாரன்ஹீட்டுக்குள் ஐந்தாறு மணி நேரம் இது நிற்கும். இடையில் கரி சேர்க்கும் வேலை இல்லை.

முதல் பத்து நிமிடங்களில் கிளம்பும் அடர்ந்த வெண்புகையில் இறைச்சியை வைத்துவிடாதீர்கள். விறகு முழுமையாக எரியாதபோது வரும் அந்தப் புகை கசப்பைப் படியவைக்கும். அது அடங்கி, கண்ணுக்குப் புலப்பட்டும் படாமலும் இளநீலமாகப் புகை வரும்போது வைப்பதே சரியான தருணம். விறகை நீரில் ஊறவைக்கும் வழக்கத்தையும் கைவிடுங்கள். ஊறிய விறகு முதலில் ஆவியைத்தான் விடும், பிறகுதான் புகையும். உங்கள் பகுதியின் புகழ்பெற்ற கடைகள் போஸ்ட் ஓக் என்னும் கருவாலி விறகையே எரிக்கின்றன. கோழிக்கும் வான்கோழிக்கும் அதனோடு பெக்கான் மர விறகையும் சேர்க்கலாம். மெஸ்கீட் விறகின் புகை காரமானது. நெடுநேரச் சமையலுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

பீங்கான் அடுப்பைப் பற்றி ஒரு சொல். ஜப்பானின் கமாடோ அடுப்பைப் பின்பற்றிய பிக் கிரீன் எக், 1974 முதல் அட்லாண்டாவிலிருந்து விற்பனையாகிறது. வெப்பத்தைத் தக்கவைப்பதில் அதற்கு இணை இல்லை. கரியும் மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால் 18 அங்குல அளவுள்ளது 160 பவுண்டுக்கு மேல் எடை கொண்டது. விலையும் உங்கள் வரம்புக்கு வெகுதூரம் அப்பால். கீழே விழுந்தால் உடையும். வாடகை வீடு மாறுவோருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.


பொன்னி_டெக்சஸ் எழுதியது:

நண்பர் தணல் கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் பெல்லட் கிரில்லை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் நான்கு பேர். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, கரி மூட்டி, அது வெளுக்கும்வரை காத்திருந்து, அதன்பின் சமைப்பதற்கு எல்லோராலும் இயலாது.

பெல்லட் கிரில்லில் நிகழ்வது இதுதான். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளுகிறது; மின்கம்பி ஒன்று அவற்றைப் பற்றவைக்கிறது; விசிறி காற்றை ஊதுகிறது; கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்தைப் பார்த்துத் திருகின் வேகத்தை மாற்றுகிறது. ஆரெகனைச் சேர்ந்த ஜோ டிரேகர் 1986-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அது காலாவதியான பிறகுதான் பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின, விலையும் இறங்கியது. 500 டாலருக்குள்ளும் சிறிய அளவில் நல்லவை கிடைக்கின்றன. பொத்தானை அழுத்திவிட்டு மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாம் என்பது சிறிய வசதியன்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெளியே மின்இணைப்பு கட்டாயம் வேண்டும். மரத்தூள் உருளை ஈரத்தை உறிஞ்சினால் பொங்கி உதிர்ந்து, திருகையே அடைத்துவிடும். எனவே பெட்டியில் மிஞ்சியதை அப்படியே விட்டுவிடாமல், மூடியுள்ள வாளியில் வீட்டுக்குள் எடுத்துவைக்க வேண்டும். மாதம் ஒருமுறையே சமைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, தீ நன்றாக எரிந்துவிடுவதால் புகைச்சுவை மென்மையாகவே இருக்கும். லாக்ஹார்ட்டின் ஆழ்ந்த சுவையை எதிர்பார்ப்பவருக்கு அது ஏமாற்றம் தரலாம். குறைந்த விலையில் கிடைப்பவற்றுள் பலவற்றில் நேரடித் தணல் கிடையாது. தீக்கிண்ணத்தின் மேல் ஒரு தகடு மறைத்திருக்கும். ஆகவே கோழித்தோல் மொறுமொறுப்பாகலாமே தவிர, தணலில் வாட்டியதற்குரிய கருக்கல் விளிம்பு வராது. சகோதரி கேட்டிருப்பது முக்கியமாக வாட்டலைத்தான் என்பதால், கரியின் பக்கமே நியாயம் சற்றுக் கூடுதலாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வார நாள்களில் எத்தனை முறை உண்மையிலேயே தீ மூட்டுவீர்கள் என்று இருவரும் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

எரிவாயு கிரில்லை யாரும் குறிப்பிடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வாட்ட வேண்டும், புகைச்சுவை இரண்டாம்பட்சம் என்றால் இரண்டு பர்னர் கொண்ட எரிவாயு கிரில்லே தலைசிறந்தது. ஒரு பர்னரை அணைத்துவிட்டு அந்தப் பக்கத்தில் மெதுவாகவும் சமைக்கலாம். புகைக்காக ஒரு சிறு தகரப் பெட்டியில் விறகுச் சீவல் போட்டு வைப்பார்கள். மணம் ஓரளவுக்கே ஏறும்.


நெல்லைச்சீமை எழுதியது:

அம்மா, எந்தக் கருவி என்பதற்கு முன்னால் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல நகரங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீத்தடுப்பு விதித்தொகுப்பு, எரியக்கூடிய பால்கனியிலோ, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து பத்தடிக்குள்ளோ கரி அடுப்பையும் திறந்த சுடர் அடுப்பையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கும், நீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு உள்ள கட்டடங்களுக்கும் இதில் விலக்கு உண்டு. உங்களுடையது ஒட்டுவீடு என்பதால், அது எந்த வகையில் சேரும் என்று நகரத் தீயணைப்புத் துறையிடம் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. வாடகை ஒப்பந்தத்திலும், வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளிலும் இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு இருக்கலாம். அனுமதியை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட மாடிக் கூரைக்குக் கீழே, மழை பெய்தாலும் சரி, ஒருபோதும் மூட்டாதீர்கள். மழைக்கு அஞ்சிக் காரேஜுக்குள் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவைத்துச் சமைப்போரும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போதும், சுடர் அடங்கி வெறும் தணலாக இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. காரேஜிலிருந்து வீட்டுக்குள் வர ஒரு கதவிடுக்கே போதும். குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சாம்பலை அன்றே அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். குளிர்ந்துவிட்டதுபோல் தோன்றும் சாம்பலுக்குள் தணல் நெடுநேரம் உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளி ஒன்றில் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு அப்புறப்படுத்துங்கள். கோடை வறட்சியில் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் வெளிப்புறத் தீத்தடை அறிவிப்பதுண்டு. மூடியுள்ள கிரில்லை அது பெரும்பாலும் தடுப்பதில்லை என்றாலும், ஆணையைப் படித்துப் பார்த்துவிட்டே மூட்டுங்கள்.

கம்பித்தட்டைச் சுரண்ட உலோகக் கம்பித் தூரிகையை வாங்காதீர்கள். அதன் மெல்லிய கம்பி உதிர்ந்து உணவில் ஒட்டி, தொண்டையிலும் குடலிலும் குத்திய நிகழ்வுகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தோசைக்கல்லில் தேய்ப்பதுபோல், பாதியாக அரிந்த வெங்காயத்தை நீண்ட முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டு, சூடான தட்டில் அழுத்தித் தேய்த்தால் போதும். ஒட்டிக்கொண்டிருப்பது பெயர்ந்துவிடும், மீனும் ஒட்டாது.


வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டு நிர்வாகியிடம் பேசினேன். கூரைக்குக் கீழே எந்தத் தீயும் கூடாது என்றும், கூரையைத் தாண்டிய பகுதியில் வேலியிலிருந்தும் சுவரிலிருந்தும் பத்தடி விலக்கி வைத்துச் சமைக்கலாம் என்றும் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அளந்து பார்த்ததில், புல்தரையின் நடுவே அந்த இடம் கிடைக்கிறது. தீயணைப்புத் துறையிடமும் கேட்டுவிட்டேன். அவர்களும் அந்த இடத்துக்கு மறுப்புக் கூறவில்லை. அங்கே மின்இணைப்பு இல்லை. மின்வடத்தை முற்றத்தின் குறுக்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. சமைக்கும்போது மட்டும் தள்ளிக்கொண்டுபோய், பிறகு தளத்தின் ஓரத்தில் நிறுத்திவைக்கும்படி சக்கரம் உள்ளதாக இருந்தால் நல்லது. இதனால் பெல்லட்டும் பீங்கானும் தாமாகவே விலகிவிட்டன.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் வீட்டில் செம்மறியைவிட வெள்ளாட்டுக்கறிதான் அதிகம். அதைப் புகையில் வேகவைத்தால் வறண்டுபோகும் என்கிறார்களே, உண்மையா? அடுத்து, மீனுக்கென்று செங்குத்தான தனி ஸ்மோக்கர் ஒன்று தேவைப்படுமா? கணவர் 14 அங்குல ஸ்மோக்கி மவுண்டன் என்ற அவ்வகை ஸ்மோக்கரைப் பார்த்துவைத்திருக்கிறார்.


கீழக்கரையான் எழுதியது:

வணக்கம். வெள்ளாட்டுக்கறியைப் புகையில் சமைப்பது டெக்சஸுக்குப் புதிதன்று. மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் பிரேடி என்னும் சிற்றூரில் 1974 முதல் ஆண்டுதோறும் தொழிலாளர் தின வார இறுதியில் ஆட்டுக்கறிச் சமையல் போட்டி நடக்கிறது. கரியும் விறகும் கொண்டுதான் அங்கே போட்டியிடுகிறார்கள். தெற்கு டெக்சஸில் கப்ரீட்டோ என்ற பெயரில் இளங்குட்டியைத் தணலில் வாட்டுவது மெக்சிகோவிலிருந்து வந்த பழக்கம். ஆகவே உங்கள் வீட்டு ஆட்டுக்கறிக்கும் அந்த ஊர்ப் புகைக்கும் முன்பே நல்ல பொருத்தம் உண்டு.

வறண்டுபோகும் என்பது பாதி உண்மை. வெள்ளாட்டில் தசைக்குள் ஊடிய கொழுப்பு குறைவு. பின்தொடையைத் தேர்ந்தெடுத்து, இறுதிவரை திறந்தபடி வைத்திருந்தால் கட்டாயம் வறளும். முன்கால் தோள்பகுதியை எலும்போடு கேளுங்கள். ஹலால் கறிக்கடைகளில் முழுதாகவே வெட்டித் தருவார்கள். குழம்புக்குப் போல் துண்டு போட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள்பகுதியில் இணைப்புத்திசு அதிகம். நீண்ட நேர வெப்பத்தில் அது கரைந்து கூழ்ப்பசையாகும்போதுதான் கறி மென்மை பெறும். கொழுப்பு தராத ஈரத்தை அந்தக் கூழ்ப்பசை தருகிறது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதல்நாள் இரவே கல்லுப்பைப் பொடித்துத் தடவிக் குளிர்பெட்டியில் மூடாமல் வைத்துவிடுவேன். காலையில் மிளகு, சீரகம், சோம்பு, சிறிது மிளகாய்த்தூள் ஆகியவற்றை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசுவேன். தயிர் சேர்த்த மசாலா சீக்கிரம் கருகும். அதை நேரடித் தணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தணல் நண்பர் விளக்கிய சங்கிலி முறையில் 250 பாகையில் மூன்று மணி நேரம் திறந்தபடி புகைகாட்டினால், மேற்புறம் கருஞ்சிவப்பாகி, கறியின் உள்வெப்பம் 160 பாகையைத் தொடும். அந்த நேரத்தில் வெப்பமேறுவது சற்றே நின்றுவிட்டதுபோல் தோன்றும். மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது. தீயைக் கூட்டிவிடாதீர்கள். அப்போதே தோள்பகுதியை ஆழமான அலுமினியத் தட்டில் இட்டு, அரிந்த சின்ன வெங்காயம், ஒரு குவளை எலும்புச்சாறு, இரண்டு கரண்டி நெய் சேர்த்து, அலுமினியத் தாளால் இறுக மூடி மறுபடியும் வையுங்கள். உள்வெப்பம் 200 பாகையைத் தாண்டியதும் தெர்மாமீட்டரின் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் தடையின்றி இறங்கும். தோள் எலும்பைப் பிடித்து இழுத்தால் கறியை விட்டுத் தனியே வந்துவிடும். அடியில் தேங்கியிருக்கும் சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள். பரோட்டாவுக்கு அதைவிட நல்ல சால்னா கிடைக்காது.

மீனுக்குத் தனி ஸ்மோக்கர் வேண்டியதில்லை. நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே மெக்சிகோ வளைகுடாக் கரையில் ரெட்பிஷ் மீனைத் துண்டமாக்கும்போது, ஒரு புறத்தில் தோலையும் செதிலையும் அப்படியே விட்டுவிடுவார்கள். செதில் பக்கம் கீழே இருக்கும்படி தணலுக்கு மேல் வைத்து மூடினால், செதில் கருகிக் கவசமாகிவிடும். சதை தன் சாற்றிலேயே வேகும். திருப்பிப்போட வேண்டாம், உடையாது, ஒட்டாது. வெந்ததும் கரண்டியால் சதையை மட்டும் வழித்தெடுக்கலாம். நம் மிளகு மசாலாவை அதன் மேல் தடவிப் பாருங்கள். சால்மனைப் புகைகாட்ட விரும்பினால், உப்பும் கருப்பட்டித் தூளும் தடவி ஊறவைத்துக் கழுவித் துடைத்து, குளிர்பெட்டியில் சில மணி நேரம் மூடாமல் உலர்த்துங்கள். மேற்புறம் பிசுபிசுப்பாகும்போதுதான் புகை நன்றாகப் படியும். 200 பாகைக்கு மேற்படாத இளஞ்சூட்டில், உள்வெப்பம் 145 வரும்வரை வைத்தால் போதும்.

14 அங்குல ஸ்மோக்கி மவுண்டன் நல்ல கருவிதான். கரியும் நீர்த்தட்டும் இறைச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், சிறிய இடத்திலேயே வெப்பம் நிலையாக நிற்கும். இரண்டு தட்டுகளும் உண்டு. ஆனால் பன்றி விலாவை முழு நீளத்துக்கு அதில் கிடத்த முடியாது, வெட்டியோ சுருட்டியோதான் வைக்க வேண்டும். முக்கியமாக, அது வாட்டுவதற்கு உரியதன்று. அம்மா விரும்புவது மாலை நேர வாட்டல். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அது கெட்டிலாகவே இருக்கட்டும்.


தணல் எழுதியது:

கீழக்கரையான் ஐயா சொன்ன தோள்பகுதி முறையை நானும் குறித்துக்கொண்டேன். வாங்கும் வேளையில் கவனிக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

ஒரே அளவில் இரண்டு மூன்று விதமான கெட்டில்கள் கிடைக்கும். அடியில் மூடிய சாம்பல் கலயமும், அதைத் தள்ளிவிடும் கைப்பிடியும் உள்ளதற்குச் சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். புல்தரையில் சமைக்கப் போகிறீர்கள் என்பதால், திறந்த சாம்பல் தட்டிலிருந்து காற்றில் தணல் பறக்காமல் இருக்க அது அவசியமும்கூட. கம்பித்தட்டின் இரு ஓரங்களும் மடக்கித் திறக்கும்படி இருக்கட்டும். சமையல் நடுவே கரியோ விறகோ சேர்க்க நேர்ந்தால், இறைச்சியை அசைக்காமலேயே சேர்க்கலாம். மூடியில் பொருத்தியிருக்கும் வட்ட வெப்பமானியை நம்ப வேண்டாம். அது மூடியின் உச்சியில் உள்ள வெப்பத்தைக் காட்டுகிறது. இறைச்சி இருக்கும் மட்டத்தில் அது வேறாக இருக்கும். ஓர் ஊசியைக் கம்பித்தட்டிலும் மற்றொன்றைக் கறியிலும் வைத்துப் பார்ப்பதே சரி. கோழியைப் பொறுத்தவரை 165 பாகை என்பது அமெரிக்க வேளாண் துறை வகுத்த பாதுகாப்பு எல்லை. தொடைக்கறி 175-ஐத் தாண்டினால்தான் எலும்போரம் மென்மையாகும். புகைபட்ட கோழியின் உட்புறம் இளஞ்சிவப்பாகவே இருந்தாலும் ஊசி காட்டும் அளவை நம்புங்கள். புகையிலுள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது.

வார நாளில் கரி ஒத்துவருமா என்ற கேள்விக்கு நேரடியான விடை இது. சிம்னியின் அடியில் செய்தித்தாளின் இரண்டு தாள்களைக் கசக்கி வைத்துப் பற்றவைத்தால், பதினைந்து இருபது நிமிடங்களில் மேற்கரி வெளுத்துவிடும். அந்த நேரத்துக்குள் உள்ளே சோறு வைத்து, வெங்காயம் அரிந்து, கோழியை எடுத்து வெளியே வந்துவிடலாம். தீ மூட்டும் திரவத்தை மட்டும் வாங்காதீர்கள். அதன் வாடை மீனில் ஏறிவிடும். முதல் மாதத்துக்குப் பிரிக்கெட் கரியையே பயன்படுத்துங்கள். துண்டுகள் ஒரே அளவாக இருப்பதால் தீயின் போக்கைப் பழகிக்கொள்ள எளிது. மரத்தை அப்படியே கரியாக்கிய கட்டிக்கரி அதிகச் சூடு தரும், சாம்பலும் குறைவு. மீனையும் கறித்துண்டுகளையும் வேகமாக வாட்டும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

புதுக்கருவியில் முதல்முறை எதையும் சமைக்காமல், ஒரு சிம்னி கரியை முழுவதும் எரியவிட்டு, மூடியிட்டு அரைமணி நேரம் சூடாக்குங்கள். ஆலையில் தடவிய எண்ணெயின் வாடை போய்விடும். அடுத்து, சனிக்கிழமை ஒன்றில் கோழியை முதுகெலும்பு நீக்கி விரித்து, கரியில்லாத பாதியில் வைத்து, 350 பாகையில் சமைத்துப் பாருங்கள். 225 பாகையில் கோழியைப் புகைகாட்டினால் தோல் ரப்பர்போல் ஆகிவிடும். கோழிக்கு எப்போதும் சற்று வலுவான தீயே தேவை. ஆட்டுத்தோளை இரண்டு மூன்று கோழிகளுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

சாம்பல் கலயமும் சக்கரமும் உள்ள 22 அங்குலக் கெட்டிலையே வாங்குவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். தெர்மாமீட்டர், சிம்னி, இரும்பு வாளி மூன்றையும் சேர்த்தும் எங்கள் வரம்புக்குள் அடங்குகிறது. வெள்ளிக்கிழமை கடைக்குச் செல்கிறோம். போஸ்ட் ஓக் விறகை வீட்டுச்சாமான் கடைகளில் விற்கும் சிறு பைகளில் வாங்குவதா, விறகுக் கடையில் நேரடியாக வாங்கிப் பிளந்துகொள்வதா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.


பொன்னி_டெக்சஸ் எழுதியது:

கெட்டிலுக்கு முஷ்டியளவுத் துண்டுகள்தான் வேண்டும். ஒரு பை உங்களுக்கு நெடுநாள் வரும். விறகுக் கடையில் குறைந்த அளவில் தர மாட்டார்கள், நன்கு உலர்ந்ததா என்று சோதிக்கவும் பழக்கம் வேண்டும். பையிலேயே வாங்குங்கள். கட்டுமான வேலையில் மிஞ்சிய மரத்துண்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பூச்சும் பூச்சிமருந்தும் ஏறியிருக்கும்.